கயிறு, கூடாரம், கைத்துப்பாக்கி: நக்கிள்ஸ் அடிவாரத்தில் ஒரு குழு எடுத்த தீர்மானங்கள்

பின்னணி

இந்த ஆய்வு, கொழும்பைச் சேர்ந்த தமிழ் பேசும் ஆறு பேர் கொண்ட மலையேற்றக் குழுவொன்று ஒரு மார்ச் மாதத்தில் இரண்டு இரவுக்கெனத் திட்டமிட்டு மேற்கொண்ட பயணத்தைப் பற்றியது. பயணத்துக்கு முன்பு நடந்த விவாதங்களும் இதில் அடங்கும். குழுவினரின் பெயர்களோ அவர்கள் சென்ற கிராமத்தின் பெயரோ இங்கு தரப்படவில்லை. ஆறு பேரும் தனித்தனியே எழுதித் தந்த குறிப்புகள், சேதமடைந்த கயிறு, ஒளிப்படங்கள் ஆகியவற்றை வைத்தே நான் எழுதுகிறேன். நான் ஒரு சட்டத்தரணி. பாறையேற்றத்தில் ஓரளவு பழக்கமுள்ளவன். பயணத்துக்கு முன்பு ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பயணத்தில் நான் கலந்துகொள்ளவில்லை.

குழுவின் ஏற்பாட்டாளர் வெள்ளவத்தையில் வசிக்கும் வங்கி ஊழியர். மற்றவர்கள் அவரை அக்கா என்றே அழைப்பர். மூத்தவர் கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஒரு வர்த்தகர். உயர்ந்த கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கிச் சுத்தம் செய்யும் தொழிலாளி ஒருவர், ஓர் ஆசிரியை, இரண்டு இளைஞர்கள் ஆகியோர் ஏனையோர். ஆறு பேரும் கொழும்பில் உள்ளரங்கச் சுவரொன்றில் பயிற்சி பெற்றவர்கள். இயற்கைப் பாறையில் முன்னேறிச் சென்று கயிறு கொளுவிய அனுபவம் கட்டடத் தொழிலாளிக்கும் இளைஞர்களில் ஒருவருக்கும் மட்டுமே இருந்தது. சிங்களத்தைச் சரளமாகப் பேசக்கூடியவர்கள் ஆசிரியையும் வர்த்தகரும். இந்த விபரம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரவில் நடந்ததை விளங்கிக்கொள்ள இது தேவை.

கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய ஊடாகச் சென்று, கிராமமொன்றின் அருகே ஏறத்தாழ 25 மீற்றர் உயரமான பாறை முகப்பொன்றில் ஏறுவதும், மேலிருந்து கயிற்றில் இறங்கிப் பழகுவதும் திட்டமாக இருந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டு பருவப்பெயர்ச்சிகளின் மழையையும் பெறும் பகுதி. மார்ச்சில் காலை நேரம் பெரும்பாலும் வறண்டிருக்கும். பிற்பகலில் இடியுடன் மழை வரும். இதைக் குழு அறிந்தே இருந்தது.

கயிறு பற்றிய விவாதம்

கயிறு பற்றிய பேச்சு மூன்று வாரங்கள் நீடித்தது. முன்வைக்கப்பட்ட கயிறுகள் மூன்று. முதலாவது, ஓர் இளைஞரின் அண்ணன் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, 60 மீற்றர் நீளமும் 9.8 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட புதிய டைனமிக் கயிறு, அதாவது விழும்போது நீண்டு கொடுக்கும் கயிறு. இரண்டாவது, கட்டடத் தொழிலாளியிடம் இருந்த 11 மில்லிமீற்றர் குறை நீட்சிக் கயிறு. எம்மவர் வழக்கமாக ஸ்டாட்டிக் என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது, புறக்கோட்டைக் கடையில் வாங்கக்கூடிய 12 மில்லிமீற்றர் முறுக்கு நைலோன் கயிறு. மூன்றாவதை முன்மொழிந்தவர் வர்த்தகர். அந்தக் கயிற்றால் லொறியையே இழுக்கலாம் என்பதும், விலை மிகக் குறைவு என்பதும் அவருடைய வாதம்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தத் தடிப்புள்ள நைலோன் கயிறு பல தொன் எடையைத் தாங்கும். ஆனால் முன்னேறி ஏறுபவருக்கு, அதாவது கயிற்றைக் கொளுவியபடி முதலில் ஏறிச் செல்பவருக்கு, கயிறு எத்தனை தொன் தாங்கும் என்பது முதற் கேள்வி அன்று. விழும்போது அவருடைய உடலுக்கு எவ்வளவு விசை வந்து சேரும் என்பதே முதற் கேள்வி. டைனமிக் கயிறுகளுக்கான ஐரோப்பிய நியமம் ஈ.என். 892. அதன் பரிசோதனையில், தனிக் கயிறாகப் பயன்படும் வகை 80 கிலோகிராம் எடையின் கடும் வீழ்ச்சிகளை அறுபடாமல் குறைந்தது ஐந்து தடவை தாங்க வேண்டும். முதல் வீழ்ச்சியின் தாக்கு விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. விழுந்த தூரத்தை, வீழ்ச்சியைத் தாங்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்துப் பெறும் எண்ணை வீழ்ச்சிக் காரணி என்பர். அப்பரிசோதனையில் அது ஏறத்தாழ 1.77. கயிறு நீண்டு சக்தியை உள்வாங்குவதால்தான் இது சாத்தியமாகிறது. குறை நீட்சிக் கயிறுகளுக்கான ஈ.என். 1891 நியமம் இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. அதன் ‘ஏ’ வகைக் கயிறு 22 கிலோநியூட்டன் நிலையான சுமையைத் தாங்க வேண்டும்; வேலைச் சுமையின் கீழ் 5 வீதத்துக்கு மேல் நீளக்கூடாது. தொங்கி வேலை செய்வதற்கும் இறங்குவதற்கும் அது மிகப் பொருத்தமானது. அதில் கட்டிக்கொண்டு முன்னேறி ஏறி விழுந்தால் கயிறு தப்பினாலும் ஆள் தப்புவது நிச்சயமில்லை. முறுக்கு நைலோன் கயிறு இவ்விரு நியமங்களுக்கும் வெளியே உள்ளது. அது சுமையின் கீழ் முறுக்கவிழ்ந்து ஆளைச் சுழற்றும். அதன் இழைகளைக் காக்க மேலுறையும் இல்லை.

இந்த விளக்கத்தைக் கொடுத்தவர் கட்டடத் தொழிலாளி. வர்த்தகர் அதை ஏற்றுக்கொண்டார். அடுத்த பிரச்சினை அந்தத் தொழிலாளியின் சொந்தக் கயிற்றைப் பற்றியதாக அமைந்தது. குழு அதை ஒரு மாடிவீட்டு முற்றத்தில் விரித்து, அங்குலம் அங்குலமாகக் கையால் தடவிப் பார்த்தது. மேலுறையில் கிழிசல் இல்லை. ஓரிடத்தில் மட்டும் கயிறு விறைத்துத் தட்டையாக இருந்தது. ஆனால் அந்தக் கயிறு நெடுங்காலமாகக் கண்ணாடி சுத்தம் செய்யும் இரசாயனங்கள் இருந்த அதே வானில் வைத்துக் கொண்டுசெல்லப்பட்டதாக அவரே கூறினார். நைலோன் என்பது பொலியமைட்டு; அமிலம் அதை உள்ளிருந்தே பலவீனப்படுத்தும்; வெளியே எதுவும் தெரியாமல் இருக்கலாம். கார் பற்றரி இருந்த இடத்தில் கயிறு வைக்கக்கூடாது என்று பழையவர்கள் எச்சரிப்பதும் இதனால்தான். கயிற்றின் வரலாறு தெரியாதபோது பார்வைப் பரிசோதனை போதாது என்ற அக்காவின் நிலைப்பாடே இறுதியில் வென்றது.

தீர்மானம் இவ்வாறு அமைந்தது. முன்னேறி ஏறுவதற்கும், மேலே ஏற்கெனவே கட்டப்பட்ட கயிற்றில் ஏறுவதற்கும் டைனமிக் கயிறு. இறங்குவதற்கு, தொழிற்பாதுகாப்புச் சாதனங்கள் விற்கும் ஒரு கடையிலிருந்து புதிதாக 40 மீற்றர் குறை நீட்சிக் கயிறு வாங்கப்படும். பழைய கயிறு தார்ப்பாய் கட்டுவதற்கு மட்டும். புதிய கயிற்றின் விலை உணவுச் செலவை விட அதிகமாக இருந்ததால் சிறு முணுமுணுப்பு எழுந்தது. ஆயினும் பணம் சேர்ந்தது. பாறை விளிம்பில் கயிற்றைக் காக்க, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை நீளவாக்கில் பிளந்து பயன்படுத்துவது என்றும் முடிவாயிற்று. அந்த மலைகளின் நைஸ் என்னும் பாறையில் குவார்ட்ஸ் படிகங்களும் கார்னெட் என்னும் செந்நிறப் பரல்களும் துருத்தி நிற்பதால், விளிம்புகள் அரம் போலத் தேய்க்கும். நனைந்த நைலோன் கயிறு உலர்ந்த கயிற்றை விடக் குறைந்த வீழ்ச்சிகளையே தாங்கும் என்பதும் பேசப்பட்டது. ஆனால் மழை வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, ஏறுவதை நிறுத்துவோம் என்ற பதிலுக்கு மேல் எவரும் செல்லவில்லை. நிறுத்திய பிறகு கயிற்றை என்ன செய்வது என்று எவரும் கேட்கவில்லை.

கைத்துப்பாக்கி பற்றிய கோரிக்கை

வர்த்தகரிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் கப்பம் கேட்டு அச்சுறுத்தல்கள் வந்தபோது முறையாக விண்ணப்பித்துப் பெற்றது. ஆண்டுதோறும் புதுப்பித்தும் வருகிறார். முந்தைய ஆண்டில் வேறொரு ஆற்றங்கரையில் இக்குழுவில் சிலர் முகாமிட்டபோது, நள்ளிரவில் குடிபோதையில் வந்த சிலர் கூடாரங்களை உலுக்கி, சாராயமும் பணமும் கேட்டு அலைக்கழித்தனர். அன்று பெண்கள் இருவரும் பட்ட பயத்தைத் தாம் மறக்கவில்லை என்றும், இம்முறை துப்பாக்கியைக் கொண்டுவரப்போவதாகவும் அவர் அறிவித்தார். அவருடைய கவலை நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதை வெறும் வீராப்பாகக் கருதிய இளைஞர்களின் குறிப்புகளில் அவருக்கு நீதி செய்யப்படவில்லை.

தம் வாதத்துக்குத் துணையாக அவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னார். காட்டுப் பாதையில் தனியே நடந்து சென்ற ஒருவர், தம்மை நோக்கிப் பாய்ந்து வந்த மனிதரைச் சுட்டுக் கொன்று, கடைசியில் விடுதலையானார் என்பது அவர் கேள்விப்பட்ட கதை. “அண்ணன், அதை முழுசா வாசிச்சீங்களா?” என்று ஆசிரியை கேட்டதாகக் குறிப்பில் உள்ளது. அவர் வாசிக்கவில்லை. அப்போதுதான் அக்கா என்னிடம் கருத்துக் கேட்டார்.

அரிசோனா வழக்கும் எமது சட்டமும்

அந்த வழக்கு, அரிசோனா மாநிலம் எதிர் ஃபிஷ் என அறியப்படுவது. சம்பவம் 2004 மே மாதத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது, அங்கு முகாமிட்டிருந்த ஒருவரின் நாய்கள் அவரை நோக்கி ஓடிவந்தன. அவர் நிலத்தை நோக்கி ஓர் எச்சரிக்கை வெடி வைத்தார். நாய்கள் விலகின, ஆனால் நாய்களுடன் இருந்தவர் கத்திக்கொண்டு அவரை நோக்கிச் சரிவில் ஓடிவந்தார் என்பது சுட்டவரின் கூற்று. அவர் மூன்று தடவை சுட்டார், வந்தவர் இறந்தார். இறந்தவரின் கையில் ஆயுதம் இல்லை. நேரில் கண்ட வேறு சாட்சியும் இல்லை. 2006 இல் ஜூரர்கள் அவரை இரண்டாம் தரக் கொலைக் குற்றவாளியாகக் கண்டனர். 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் வைத்திருந்த 10 மில்லிமீற்றர் துப்பாக்கியின் வலிமையும் அதன் குண்டுகளின் வகையும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டன. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009 இல் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. இறந்தவர் முன்னர் நாய்கள் சம்பந்தமான தகராறுகளில் எப்படி நடந்துகொண்டார் என்ற சாட்சியம் ஜூரர்களுக்கு மறைக்கப்பட்டமை, இரத்துக்கான காரணங்களில் ஒன்று. அவர் அதே ஆண்டு வெளியே வந்தார், மறுவிசாரணை நடத்தப்படவில்லை.

ஆக, ‘கடைசியில் விடுதலை’ என்பது உண்மை. அதற்கு முன்பு ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறையில் கழிந்தன என்பதும் உண்மை. எமக்கு முக்கியமானது இவ்விரண்டையும் விட, நிரூபிக்கும் சுமை யாரிடம் இருந்தது என்பதே. அச்சம்பவம் நடந்தபோது அரிசோனாவில், தற்காப்புக்காகவே சுட்டேன் என்பதை எதிரியே, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரே, நிரூபிக்க வேண்டியிருந்தது. 2006 இல் அம்மாநிலச் சட்டமன்றம் அதை மாற்றி, தற்காப்பு அன்று என வழக்குத்தொடுநரே நிரூபிக்க வேண்டும் என்றாக்கியது. சம்பவம் முந்தியது என்பதால் புதிய விதி அவருடைய விசாரணைக்குப் பொருந்தவில்லை.

இலங்கையின் நிலை, மாற்றத்துக்கு முந்திய அரிசோனாவின் நிலையை ஒத்தது. தண்டனைச் சட்டக்கோவையின் 89 ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமை விதிக்கப்பட்டுள்ளது. மரணம் அல்லது கடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் தாக்குதலின்போது, தாக்குபவருக்கு மரணம் விளைவிக்கும் வரை அவ்வுரிமை நீளலாம் என்று 93 ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் 92 ஆம் பிரிவு, தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்க அவ்வுரிமை இடமளிக்காது என்றும், பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அவ்வுரிமையே எழாது என்றும் வரையறுக்கிறது. இவ்விதிவிலக்கை நிரூபிக்கும் சுமையைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு எதிரியின் மீது வைக்கிறது. நீதிபதியின் மனதில் ஓர் ஐயத்தை எழுப்பினால் போதாது, நிகழ்தகவுச் சமநிலையில் நிரூபிக்க வேண்டும் என்பது, மன்னர் எதிர் ஜேம்ஸ் சந்திரசேகர என்ற 1942 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து எமது நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் நெறி. நல்லெண்ணத்துடன் தற்காப்பு எல்லையை மீறினால் கொலைக் குற்றம், கொலையாகாத குற்றமுறு மனிதக்கொலையாகக் குறையலாம். அதற்கும் சிறை உண்டு.

வர்த்தகர் கூரிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: தேசிய பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள் துப்பாக்கி கொண்டுசெல்வதைத்தானே 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது, நாங்கள் தங்கப்போவது ஒருவருடைய காணியில் அல்லவா? அந்தக் காணி அத்தகைய இடமொன்றின் எல்லைக்குள் வராவிட்டால் மட்டுமே அவர் சொன்னது பொருந்தும். அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து, அது கொடுக்கப்பட்ட நோக்கத்துக்கு இந்தப் பயணம் பொருந்துமா என்று அவரே முடிவுசெய்ய வேண்டும் என்றேன். என் ஆலோசனை ‘கொண்டுசெல்ல வேண்டாம்’ என்பதே. சட்டக் காரணத்தை விட நடைமுறைக் காரணம் எனக்குப் பெரிதாகத் தோன்றியது: இருட்டில், துணிக் கூடாரத்துக்குள்ளிருந்து, வருபவர் யாரென்று தெரியாத நிலையில் நியாயமான அச்சம் எது என்பதை அளவிட அவருக்குச் சில நொடிகளே கிடைக்கும், அந்த நொடிகளைப் பின்னர் ஒரு மேல் நீதிமன்றம் பல மாதங்கள் ஆராயும்.

அவர் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட இணங்கினார். மனமுவந்து அன்று.

முகாம் ஏற்பாடுகள்

துப்பாக்கிக்குப் பதிலாக என்ன என்ற கேள்வி நேர்மையாக எதிர்கொள்ளப்பட்டது. ஆற்றோரத் தனியிடத்தை விட்டு, கிராமத்து வழிகாட்டியின் உறவினருக்குச் சொந்தமான, வயலை ஒட்டிய மேட்டு நிலத்தில் தங்குவது என்றும், வழிகாட்டி இரண்டு இரவும் முகாமிலேயே படுப்பது என்றும், மது இல்லை என்றும், இரண்டிரண்டு பேராக முறைவைத்து விழித்திருப்பது என்றும் முடிவாயிற்று. கைபேசி அலை கிடைக்கும் அண்மைய இடம் வீதியின் வளைவொன்றில் இருந்தது. பொலிஸின் 119, நோயாளர் காவு வண்டியின் 1990 ஆகிய எண்கள் எல்லோரிடமும் இருந்தாலும், அவற்றை அழைக்க அந்த வளைவு வரை நடக்க வேண்டியிருந்தது.

இரவில் பாதையை விட்டு விலகுவதில்லை என்ற கட்டுப்பாட்டுக்குத் தனிக் காரணம் உண்டு. மலையகத்து வயலோரங்களிலும் காட்டோரங்களிலும் காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாகக் கட்டுத்துவக்கு வைப்பார்கள். குறுக்கே கட்டிய கம்பியைக் கால் தட்டினால் அது வெடிக்கும். பன்றிக்கு வைத்த உயரம் மனிதனின் காலுக்குச் சரியாக இருக்கும். கொழும்பிலிருந்து போகிறவர்கள் சிறுத்தையையும் பாம்பையும் பற்றியே பேசுகிறார்கள். நான் அஞ்சுவது கட்டுத்துவக்குக்கும், பாறை இடுக்குகளில் கூடு கட்டும் குளவிக்கும்தான்.

முதல் நாள் மாலை

காலையில் டைனமிக் கயிற்றில் நடந்த ஏற்றங்கள் பிசகின்றி முடிந்தன. இரண்டு மணிக்குப் பின்னர் இறங்கும் பயிற்சி தொடங்கியது. மேலே இரண்டு மரங்களில் நங்கூரம் கட்டி, குறை நீட்சிக் கயிற்றைத் தொங்கவிட்டு, விளிம்பில் குழாய் உறையை மாட்டியிருந்தனர். உறை ஒரு சிறு நூலால் கயிற்றோடு கட்டப்பட்டிருந்ததே தவிர நங்கூரத்தோடு கட்டப்படவில்லை. நாலாமவர் இறங்கியபோது இடி கேட்டது. கடைசி இருவரும் மழைக்குள் விரைந்து இறங்கினர். அவர்களில் ஒருவர் விளிம்பைத் தாண்டும்போது தடுமாறி, கயிற்றை மேலே இழுத்துப் பிடித்ததாக எழுதியிருக்கிறார். உறை நகர்ந்தது அப்போதாகத்தான் இருக்க வேண்டும். எல்லோரும் கீழே வந்துவிட்டதாலும், மின்னல் அண்மையில் இருந்ததாலும், மேலே ஏறிக் கயிற்றைக் கழற்றாமல் மறுநாளுக்கென அப்படியே விட்டனர். மின்னலின்போது பாறை உச்சிக்குப் போகாதது சரியான முடிவு. கயிற்றின் மேற்பகுதி அன்று பரிசோதிக்கப்படவில்லை என்பதை எவரும் குறித்துவைக்காதது அப்படியன்று.

அன்று மாலை இன்னொன்றும் வெளிப்பட்டது. வர்த்தகரின் பையில் மன்னாக் கத்தி ஒன்று இருந்தது. விறகு வெட்ட என்றார். அக்கா அதை வாங்கி வழிகாட்டியிடம் கொடுத்தார். மழை விட்டதும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வழிகாட்டி புறப்பட்டுவிட்டார். அவர் போவதைத் தடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒருவரை அனுப்பும்படி கேட்கவும் எவருக்கும் தோன்றவில்லை.

இரவு

ஒன்றரை மணியளவில் நாய்கள் குரைத்துக்கொண்டு கூடாரங்களுக்குள் புகுந்தன. பின்னால் இரண்டு டோர்ச் வெளிச்சங்களும் சத்தமும் வந்தன. விழித்திருக்க வேண்டிய இருவரில் ஒருவர் தூங்கிவிட்டார். மற்றவர் இருபது வயது இளைஞர். அவர் எழுந்து நின்று தம் தலை விளக்கை வந்தவர்களின் முகத்துக்கு நேரே பிடித்தார். வந்தவர்களில் ஒருவர் கெட்ட வார்த்தையால் திட்டியபடி அவரைத் தள்ளிவிட, அவர் கூடாரக் கயிற்றில் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மற்றவரின் தோளில் நீளத் துவக்கு ஒன்று தொங்கியதைக் குறைந்தது மூன்று பேர் கண்டிருக்கின்றனர்.

வர்த்தகர் வெளியே பாய்ந்து வந்தார். தாம் அப்போது இடுப்பில் கைவைத்துத் தேடியதாக அவரே தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த வரியை நீக்கிவிடவா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார்.

நிலைமையை மாற்றியவர் ஆசிரியை. அவர் கூடாரத்துக்கு உள்ளிருந்தபடியே, உரத்த ஆனால் பதறாத குரலில், சிங்களத்தில் வழிகாட்டியின் பெயரையும் காணிச் சொந்தக்காரரின் பெயரையும் சொல்லி, தாங்கள் அவர்களுடைய விருந்தினர் என்றார். பிறகு இளைஞரிடம் தமிழில் விளக்கை நிலத்தை நோக்கித் திருப்பச் சொன்னார். வந்தவர்கள் வயலில் இறங்கிய பன்றிகளை விரட்டி வந்தவர்கள். வயலோரத்தில் அறிமுகமில்லாத வெளிச்சங்களைக் கண்டு, மாணிக்கக்கல் தோண்ட வந்தவர்கள் அல்லது திருடர்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். பத்து நிமிடம் வரை கடுப்பான பேச்சு நடந்தது. சமாதானமாகி அல்ல, அலுத்துப்போய்த்தான் அவர்கள் சென்றார்கள்.

மறுநாள்

விடிந்ததும் இளைஞரின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அன்றைய ஏற்றத்தில் கீழிருந்து கயிறு பிடிக்க வேண்டியவர் அவர். கட்டடத் தொழிலாளி வேறு வழியாக உச்சிக்குச் சென்று இறங்கு கயிற்றைப் பார்த்தார். விளிம்பில் உறை அரை மீற்றர் கீழே நழுவியிருந்தது. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் கயிற்றின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்து பஞ்சாகி, உள்ளிருந்த வெள்ளை இழைகள் தெரிந்தன. முந்தைய மாலை கடைசியாக இறங்கிய இருவரும் அந்த இடத்தின் மீதே தொங்கியிருக்கிறார்கள். கயிறு நனைந்திருந்தது, விளிம்பில் மணலும் ஒட்டியிருந்தது.

இரண்டாம் நாள் ஏற்றத்தைக் கைவிட்டு, இரண்டாவது இரவு தங்காமல் திரும்புவதென அக்கா தீர்மானித்தார். கயிறு பிடிக்கப் பழகியவர்களில் ஒருவர் குறைந்துவிட்டார், எல்லோரும் உறக்கமின்றி இருக்கிறார்கள், இறங்கு கயிறு பயனற்றது என்பவை அவர் சொன்ன காரணங்கள். டைனமிக் கயிற்றிலேயே இறங்கலாமே என்று மற்ற இளைஞர் கேட்டார். இறங்கலாம், அது வழக்கமே. ஆனால் நீளும் கயிறு அதே விளிம்பில் மேலும் கீழும் அசைந்து இன்னும் வேகமாகத் தேயும். தேய்ந்தால் குழுவிடம் எஞ்சியிருக்கும் ஒரே ஏறு கயிறும் போய்விடும். அக்காவின் முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன்.

பின்னர் நடந்தவை

கண்டியில் எடுத்த எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் வெடிப்புத் தெரிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கயிறு சேதமடைந்த இடத்தில் வெட்டப்பட்டது. எஞ்சிய நீளத் துண்டு அந்தப் பாறைக்குப் போதாது.

பொலிஸில் முறைப்பாடு செய்வது பற்றிக் குழு இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டி வந்து, அவர்கள் தம் ஊரவர்கள் என்றும், துவக்கு விடயம் வெளியே வந்தால் தம்மால் அங்கு வாழ முடியாது என்றும் கெஞ்சினார். முறைப்பாடு செய்யப்படவில்லை. காயத்தைப் பற்றிய பதிவையாவது செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தள்ளியவர் நாளை மாறாகக் கதை சொன்னால், குழுவிடம் அன்றைய நாளில் எழுதப்பட்ட எந்த ஆவணமும் இல்லை. ஆனால் அந்தக் கிராமத்துக்கு மீண்டும் போகவேண்டியவர்கள் அவர்கள். அதனால் இதை வற்புறுத்தவில்லை.

துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது இவ்வளவே: நாய்கள் பாய்ந்தன, இளையவர் ஒருவர் தள்ளி வீழ்த்தப்பட்டார், எதிரே ஒருவரிடம் துவக்கு இருந்தது. இவை மூன்றும் சேர்ந்தால் 93 ஆம் பிரிவின் கீழ் வாதாடக்கூடிய வழக்கு ஒன்று உருவாகும். நான் அதை ஏற்று நடத்தவும் கூடும். மறுபக்கத்தில், தம் சொந்த வயலைக் காத்துக்கொண்டிருந்த ஒருவரின் துவக்கு தோளிலிருந்து இறங்கவே இல்லை என்பதை ஆறு சாட்சிகளும் சொல்ல வேண்டியிருக்கும்.

மாற்றப்படவேண்டியவை

குழு அடுத்த பயணத்துக்கென எழுதிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை சிறிய விடயங்கள். விளிம்பு உறை நங்கூரத்தோடு தனிக் கயிற்றால் கட்டப்படும். ஒவ்வொருவரும் இறங்கும் முன் உறை இருக்கும் இடத்தை அடுத்தவர் பார்த்து உறுதிசெய்வார். பகல் ஒரு மணிக்கு மேல் புதிதாக எவரும் இறங்கத் தொடங்குவதில்லை. அப்படியானால் மழைக்கு முன்பே கயிற்றைக் கழற்ற நேரம் இருக்கும். இரவு முழுவதும் பாறையில் கிடந்த கயிறு, முழு நீளமும் பார்க்கப்படும் வரை எவருடைய எடையையும் தாங்கக்கூடாது. ஒவ்வொரு கயிற்றுக்கும் வாங்கிய நாள், பயன்பட்ட நாள்கள், வைத்திருந்த இடம் ஆகியவற்றை எழுதும் கொப்பி ஒன்று திறக்கப்பட்டுள்ளது.

முகாமைப் பொறுத்தவரை, வழிகாட்டி போகவேண்டி வந்தால் அவருக்குப் பதிலாகக் கிராமத்தவர் ஒருவர் வந்த பிறகே போவார் என்று கூலி பேசும்போதே முடிவுசெய்யப்படும். வந்து சேர்ந்த மாலையிலேயே சுற்றியுள்ள வயற்காரர்களிடம் குழுவினர் நேரில் சென்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வர். இதை முதற் பயணத்தில் செய்திருந்தால் ஒன்றரை மணிச் சம்பவம் நடந்திராது என்று நான் கருதுகிறேன். அதற்குச் செலவாவது அரை மணி நேரமும் ஒரு தேநீரும். சிங்களம் பேசுபவர் ஒருவராவது ஒவ்வொரு முறையிலும் விழித்திருப்பார். இது இருவரை மட்டும் வருத்தும் ஏற்பாடு என்பதால், மற்ற நால்வரில் இருவர் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

வர்த்தகரின் நிலைப்பாடு முழுமையாக மாறவில்லை. வந்தவர்கள் வயற்காரர்களாக இருந்தது தற்செயல் என்றும், முந்தைய ஆண்டு வந்தவர்களைப் போன்றோர் வந்திருந்தால் பெயர் சொல்லிப் பயன் இருந்திராது என்றும் அவர் சொல்கிறார். அது மறுக்கமுடியாத வாதம். இடத்தேர்வால் அந்த ஆபத்தைக் குறைக்கலாமே தவிர இல்லாமல் செய்ய முடியாது. அவர் அனுமதிப்பத்திரத்தை இவ்வாண்டும் புதுப்பித்திருக்கிறார். அடுத்த பயணத்துக்குத் துப்பாக்கி இல்லாமல் வரச் சம்மதித்துள்ளார். புதிய இறங்கு கயிற்றுக்கான பணத்தில் பாதியையும் அவரே கொடுத்திருக்கிறார்.